ரஷ்யக் கடைகளில் வாடிக்கையாளர் சேவை

சோவியத் ஒன்றியத்திலும், அது 1991 டிசம்பரில் கலைந்த பிறகு ரஷ்யாவிலும் கடை, உணவகம், வங்கி ஆகியவற்றில் வாடிக்கையாளரை நடத்திய விதம் உள்ளூர்க்காரர்களின் நகைச்சுவைக்கும் வெளிநாட்டுப் பயணிகளின் புலம்பலுக்கும் நெடுங்காலம் தீனி போட்டது. ஏறிட்டும் பார்க்காத விற்பனைப் பெண், கேள்விக்குப் பதிலாக ஓர் அதட்டல், நம் முறை வரும்போது சாத்தப்படும் கவுன்டர். இது ரஷ்யர்களின் சுபாவம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது விளக்கமாகாது. வாங்க வருபவரின் தயவு விற்பவருக்குத் தேவைப்படாத ஒரு பொருளாதாரம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்ததில் படிந்த பழக்கம் இது.

இதைத் தெளிவாக விளக்கியவர் ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய். தட்டுப்பாடு என்பது திட்டமிடுவோரின் கவனக்குறைவால் நேர்வதல்ல, அந்த அமைப்போடு பிறந்தது என்று 1980இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். விலையை அரசு குறைத்து நிர்ணயித்தது. சரக்கு போதுமான அளவு வரவில்லை. நஷ்டப்பட்டாலும் கடையை மூட மாட்டார்கள். கவுன்டருக்குப் பின்னால் நின்றவளின் சம்பளம் சொற்பம்தான். ஆனால் நல்ல இறைச்சியோ இறக்குமதிக் காலணியோ எப்போது வரும் என்பது அவளுக்குத்தான் தெரியும். வந்ததில் ஒரு பங்கை மேசைக்கு அடியில் ஒதுக்கி, வேண்டப்பட்டவர்களுக்குக் கொடுப்பாள். அவர்களில் ஒருவர் பல் மருத்துவர், இன்னொருவர் நாடக டிக்கெட் எடுத்துத் தரக்கூடியவர். தேவைப்படும் பண்டத்தோடு விலைபோகாத ஒன்றையும் சேர்த்து வாங்கினால்தான் உண்டு என்று கட்டாயப்படுத்துவதும் நடந்தது. தொடர்பு இல்லாதவருக்கு மரியாதை காட்டி அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பாலாடைக்கட்டி வாங்கும் சடங்கைப் பார்த்தால் நிலைமை புரியும். முதல் வரிசையில் நின்று, கால் கிலோவை நிறுத்து விலை கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது வரிசை கல்லாவில். அங்கே எந்தப் பிரிவு, எத்தனை ரூபிள், எத்தனை கோபெக் என்று பிசகாமல் சொல்ல வேண்டும்; காசாளர் மணிச்சட்டத்தில் கணக்குப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு சீட்டு தருவார். அந்தச் சீட்டோடு மறுபடி முதல் கவுன்டருக்கு வந்தால் மூன்றாவது வரிசை. மீனும் வேண்டுமென்றால் எல்லாம் ஆதியிலிருந்து. பணமும் பொருளும் ஒரே கையில் இருந்தால் திருட்டு நடக்கும் என்ற கவலையே இந்த ஏற்பாட்டுக்கு முக்கியக் காரணம். வாங்குபவரின் நேரத்தை யாரும் செலவாகக் கருதவில்லை. யாராவது முணுமுணுத்தால் வரும் பதில் நாடறிந்தது: “நீங்க இத்தனை பேரு, நான் ஒருத்தி!” சரக்கிருப்புக் கணக்கெடுப்பு, துப்புரவு நாள், மதிய இடைவேளை என்று கடையை மூடவும் காரணங்கள் கைவசம் இருந்தன.

குறைதீர்க்க வழியே இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கடையிலும் புகார்ப் புத்தகம் வைத்திருப்பது கட்டாயமாக இருந்தது. இந்த வழக்கம் ரஷ்யப் புரட்சிக்கும் முந்தியது. ரயில் நிலையப் புகார்ப் புத்தகத்தை வைத்து செக்காவ் 1884இலேயே ஒரு கேலிக் கதை எழுதிவிட்டார். எல்தார் ரியாசானவ் 1965இல் எடுத்த நகைச்சுவைப் படமொன்றின் தலைப்பே ‘புகார்ப் புத்தகத்தைக் கொடுங்கள்’ என்பதுதான். வாங்குபவரும் விற்பவரும் பரஸ்பரம் மரியாதையாக நடந்துகொள்ளும்படி சுவரில் அறிவிப்பும் தொங்கியது. ஆனால் எழுதிய புகாரால் சரக்கு வந்துவிடாது. அதே அரசு வெளிநாட்டு நாணயத்துக்காக நடத்திய ‘பெரியோஸ்கா’ கடைகளிலோ அலமாரிகள் நிறைந்திருந்தன.

1990 ஜனவரி 31 அன்று மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் திறந்தது. முதல் நாளில் மட்டும் 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். சிரித்த முகத்தோடு வரவேற்ற இளைஞர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, காசு வாங்கியவரே உணவையும் கொடுத்தார். மற்றது, உள்ளூர் வரத்தை நம்ப முடியாததால் அந்நிறுவனம் மாஸ்கோவின் புறநகரான சோல்ன்ட்செவோவில் இறைச்சி, ரொட்டி, பால், உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பதப்படுத்தும் ஆலையைக் கட்டியிருந்தது. தீர்ந்துபோச்சு என்று சொல்லத் தேவையில்லாதவரால்தான் சிரிக்க முடியும்.

1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான விலைகள் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. அம்மாதக் கடைசியில் ரஷ்ய அதிபர் யெல்த்சின் பிறப்பித்த ஆணை, யார் வேண்டுமானாலும் அநேகமாக எங்கும் விற்கலாம் என்றாக்கியது; நடைபாதைகள் சந்தைகளாயின. பிப்ரவரியில் நுகர்வோர் உரிமைச் சட்டம் வந்தது. ஏப்ரலில் நிஸ்னி நோவ்கரதில் சிறு கடைகள் ஏலத்துக்கு விடப்பட்டன. அலமாரிகள் நிறைந்தன; பணவீக்கம் சேமிப்பை விழுங்கிவிட்டதால் கையில்தான் காசில்லை. கடைக்காரரின் தோரணை மட்டும் உடனே மாறிவிடவில்லை. சில்லறை இல்லையென்றால் பொருள் இல்லை என்பதும், தொட்டுப் பார்க்கத் தடையும் தொண்ணூறுகள் நெடுகத் தொடர்ந்தன.

போட்டி எங்கே முளைத்ததோ அங்கேதான் மாற்றம் முதலில் தெரிந்தது: உணவகம், கைபேசிக் கடை, பேரங்காடி. சோவியத் சேமிப்பு வங்கியின் வாரிசான ஸ்பெர்பாங்க், ஓய்வூதியர்களின் நீண்ட வரிசைக்குப் பேர்போனது. 2007 இறுதியில் கெர்மன் கிரெஃப் தலைமைக்கு வந்த பிறகே கிளைகளைச் சீரமைத்து டோக்கன் முறைக்கு மாறியது. நகராட்சி மருத்துவமனைகளில் இன்றும் உள்ளே நுழைந்ததும் “கடைசி ஆள் யாரு?” என்று கேட்டு இடம்பிடிக்கும் வழக்கம் உண்டு. 2018 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை முன்னிட்டு ரயில்வே ஊழியர்களுக்குப் புன்னகைக்கப் பயிற்சி அளித்தார்கள். முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பதை அங்கே பலரும் போலித்தனமாகவே எண்ணுவதால், பயிற்சி கேலிக்கும் ஆளானது.