பழைய நெல்லும் புதிய விதையும்

வன்னி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன காடும் குளமும் வயலுமே. குளத்து நீரை நம்பிக் காலபோகமும் சிறுபோகமும் செய்து வாழ்ந்துவரும் மக்கள் நாம். தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, புத்தரிசியை இறைவனுக்குப் படைத்த பின்னரே உண்ணும் வழக்கமுடையோம். ஆயினும் அந்த அரிசி எந்த நெல்லினுடையது, அந்நெல் எவ்வாறு உண்டாயிற்று என எண்ணிப் பார்ப்போர் நம்மிற் சிலரே. உயிரியல் தொழில்நுட்பம் என்னுஞ் சொல் எங்கும் அடிபடும் இக்காலத்தில் அவ்வரலாற்றை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

உயிருள்ளவற்றைத் துணைக்கொண்டு உணவை ஆக்குவதும் திருத்துவதும் இத்தொழில்நுட்பத்தின் ஒரு கூறு. அவ்வாறு நோக்கின் இது நம் அடுக்களைக்குப் புதியதன்று. பாலுக்கு உறைமோர் விட்டுத் தயிராக்கிய பாட்டியும், அப்பமாவைக் கள்விட்டுப் புளிக்கவைத்த அன்னையும் நுண்ணங்கிகளை வேலைகொண்டவர்களே. புளித்தலுக்குக் காரணம் உயிருள்ள நுண்ணங்கிகள் என்பதைப் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டு தொடக்கம் ஆராய்ந்து விளக்கினார். பெயர் அறியாமலே நம்மவர் அப்பணியை நெடுங்காலமாகச் செய்துவந்தனர்.

நெல்லிலும் அப்படியே. அறுவடைக்கு முன் வயலைச் சுற்றிப் பார்த்து, நோயற்று மணி திரண்ட கதிர்களைத் தெரிந்து விதைக்கென ஒதுக்கிவைத்த கமக்காரனே முதல் ஆராய்ச்சியாளன். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், முருங்கைக்காயன் முதலிய நெல்லினங்கள் இவ்விதம் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டவை.

குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் 1952ஆம் ஆண்டு நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. முருங்கைக்காயனையும் இந்தோனேசியாவின் மாஸ் என்னும் நெல்லையும் கலந்து உண்டாக்கிய எச். 4 என்ற இனம் 1958இல் வெளிவந்தது. ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவிற் சேர்த்து, பிறந்த பயிர்களுள் நல்லனவற்றைப் பல தலைமுறை தெரிந்தெடுப்பதே இதன் முறை. எரிபந்த நோயைத் தாங்கிய இச்செந்நெல் அறுபதுகளில் நாடெங்கும் பரவிற்று. நம் நாட்டுப் பழைய நெல்லே இப்புதிய நெல்லைப் பெற்றெடுத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

எச். 4 உயரமான பயிர். உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 இதற்கு வழிகாட்டியது. அதன் குட்டையான உருவம் தைவானின் பழைய நெல் ஒன்றிலிருந்து வந்தது. 1970இல் பத்தலகொடையும் பி.ஜி. 11-11 என்னும் இனத்தை அளித்தது. அதன்பின் உரத்தை ஏற்று, சாயாமல் நின்று விளையும் நெல்லினங்கள் நம் வயல்களையும் நிறைத்தன.

இன்று விஞ்ஞானிகள் பயிரின் பரம்பரையலகுகளையே ஆராய்கின்றனர். இந்தியாவின் ஒடிசா மாநிலத்துப் பழைய நெல்லொன்றின் வழிவந்த எப்.ஆர். 13ஏ, ஏறத்தாழ இரண்டு வாரம் வெள்ளத்துள் மூழ்கியும் பிழைக்க வல்லது. அவ்வாற்றலைத் தரும் பரம்பரையலகு 2006இல் கண்டறியப்பட்டது. மகரந்தக் கலப்பினாலேயே அதனைச் சுவர்ணா என்னும் நெல்லிற் சேர்த்து, நாற்றுகளைப் பரம்பரையலகுச் சோதனையால் தெரிந்தெடுத்தனர். அப்புதிய நெல் 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்கள் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்ட நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். கடலோர வயல்களின் உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 என்னும் நம் நாட்டு இனமும் கேரளத்துப் பொக்காளி நெல்லின் வழிவந்ததே.

வேற்றுயிரின் பரம்பரையலகைப் புகுத்துவது மற்றொரு முறை. 2000ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பொன்னிற அரிசி அத்தகையது. உயிர்ச்சத்து ஏ குறைபாட்டைப் போக்கும் நோக்குடன் ஆக்கப்பட்ட அதனைப் பயிரிடப் பிலிப்பைன்சு 2021இல் அனுமதித்தது. 2024இல் அந்நாட்டு நீதிமன்றம் அவ்வனுமதியைத் தடுத்தது. ஆகவே இருமுறைகளையும் ஒன்றெனக் குழப்பி, அனைத்தையும் போற்றுவதும் தகாது. அனைத்தையும் தூற்றுவதும் தகாது.

நம் கவலை வேறொன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளில் மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, உடைமைகளோடு விதைநெல்லும் கைவிட்டுப் போயிற்று. மீண்டு வந்தோர் கிடைத்த விதையை விதைத்தனர், அதிற் குற்றமில்லை. 1988இல் அமைக்கப்பட்ட கன்னொறுவைத் தாவர மரபுவள நிலையம் பழைய விதைகளைக் குளிரறையிற் காக்கின்றது. அது பெரும்பணி. ஆயினும் குளிரறையில் உறங்கும் விதை மழையையும் வரட்சியையும் காணாது. மாறிவரும் காலநிலைக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளாது. அதற்கு வயல் வேண்டும். அதனை அறிந்த கமக்காரனும் வேண்டும்.

இளைஞர்களே! ஊர்ப் பெரியோர் நினைவில் உள்ள நெற்பெயர்களை இன்றே கேட்டு எழுதிவையுங்கள். எந்த நெல் எத்தனை மாதப் பயிர், எது வரட்சியைத் தாங்கும், எது பள்ளக்காணிக்கு ஏற்றது என்பனவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கின்றது; அங்குள்ளோரின் அறிவுரையை நாடுங்கள். ஊருக்கு ஒரு கோயில் வயலிலேனும் ஒரு பாத்தி பழைய நெல்லை விதைத்து, அதிலிருந்தே புதிர் எடுப்போம். நாளைய விஞ்ஞானி ஒரு புதிய நெல்லை ஆக்க முனையும்போது, அதற்கு வேண்டிய தாய்விதை வன்னி மண்ணில் உயிரோடு இருத்தல் வேண்டும்.