முகப்பூச்சும் ஐந்தாம் கட்டளையும்

திருமுழுக்குக்காகக் கொண்டுவரப்படும் குழந்தையைக் கையில் ஏந்தும்போது, கிறிஸ்மா எண்ணெயின் நறுமணத்துக்கு முன்னரே நம்மை வந்தடைவது குழந்தைப் பவுடரின் மணம். தாயோ பாட்டியோ அன்று காலை கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் பாசத்தோடு பூசிவிட்ட பவுடர் அது. அந்த மணம் வரும்போதெல்லாம் பிரான்சு நாட்டில் 1972ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று நம் நினைவுக்கு வருகிறது.

அவ்வாண்டில் அந்நாட்டுக் கைக்குழந்தைகள் பலர் காரணம் புரியாத நோய்க்கு ஆளாயினர். தொடையிடுக்கில் தோல் புண்ணாயிற்று. பின்னர் வலிப்பும் மயக்கமும் தொடர்ந்தன. நோயுற்ற குழந்தைகள் 204 பேர். இறந்தோர் 36 பேர். இறுதியில் குற்றவாளி பவுடர் டப்பாவில் அகப்பட்டது. 'மொர்ஆன்ஜ்' என்ற பெயரில் விற்கப்பட்ட பவுடரின் ஒரு தொகுதியில், கலவையின்போது நேர்ந்த பிழையால், ஹெக்சாகுளோரோஃபீன் எனும் கிருமிக்கொல்லி நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் சேர்ந்திருந்தது. புண்பட்ட தோல் வழியே அது உடலுக்குள் இறங்கி மூளையைத் தாக்கியது. புண்ணைக் கண்ட தாய் என்ன செய்திருப்பாள்? இன்னும் சற்று அதிகமாகத் தூவியிருப்பாள்!

இது ஓர் ஆலையின் கவனக்குறைவு மட்டுமே என்று சொல்லி நாம் கடந்துவிட முடியாது. அதே பொருள், அளவிற் குறைவாக, ஆனால் அறிந்தே, அக்காலத்துச் சோப்புகளிலும் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டும் நீர்மங்களிலும் சேர்க்கப்பட்டு வந்தது. விலங்குகளின் மூளையை அது சிதைப்பதை ஆய்வுகள் காட்டியிருந்தன. அமெரிக்க அரசு 1972ஆம் ஆண்டிலேதான் அதன் பயன்பாட்டுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது.

இறந்த அக்குழந்தைகளில் ஒருவரும் அழகுக்கு ஆசைப்பட்டவர் அல்லர். இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒப்பனையைப் பற்றிப் பீடத்திலிருந்து பேசிய நம்மவர் நெடுங்காலம் ஒரே திசையில்தான் விரல் நீட்டினர். தெர்த்தூலியன் பெண்களின் அணிகலனையும் முகப்பூச்சையும் கண்டித்துத் தனி நூலே இயற்றினார். முகத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டவளை உயிர்த்தெழும் நாளில் படைத்தவர் அடையாளம் காண்பாரோ என்று கேட்கும் அளவுக்குப் புனித சிப்ரியான் சென்றார். ஈசபேல் கண்ணுக்கு மை தீட்டியதை மேற்கோள் காட்டாத மறையுரையாளர் அரியர். யோபுவின் மூன்றாம் மகளுக்கு மைச்சிமிழ் என்று பொருள்படும் பெயர் அமைந்திருப்பதை மட்டும் ஏனோ நாம் எடுத்துரைப்பதில்லை.

திருச்சபைத் தந்தையர் வாழ்ந்த அந்த உரோமை உலகில் பெண்கள் பூசியது எதை? காரீயத்தைக் காடியில் ஊறவைத்து எடுக்கும் வெண்பொடியை. முதல் நூற்றாண்டு அறிஞர் பிளினி, அது மேனியை வெளுப்பாக்கும் என்பதையும் உட்கொண்டால் உயிரைக் கொல்லும் என்பதையும் ஒருசேர எழுதிவைத்திருக்கிறார். ஆகவே நஞ்சு என்பது மறைபொருளாக இருக்கவில்லை. ஆயினும் பூசியவளின் செருக்கைக் கேள்விகேட்ட அளவுக்கு, விற்றவனின் மனச்சான்றை நாம் கேள்விகேட்டோமா? அப்பொடி ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் கழிந்தும் ஐரோப்பிய மாளிகைகளில் புழங்கியது. பேரழகி எனப் பெயர்பெற்ற கோவென்ட்ரி சீமாட்டி மரியா கன்னிங் 1760ஆம் ஆண்டில் இளவயதிலேயே மறைந்தபோது, காரீயப் பூச்சே அவரைக் கொன்றது என்று பலரும் கருதினர்.

விற்பவனை நோக்கிக் கேள்வி திரும்பியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' எனும் இமைச்சாயம் பெண்களின் பார்வையைப் பறித்தது. ஓர் உயிரையும் கொண்டுபோயிற்று. அதைக் கடையிலிருந்து அகற்ற அரசுக்கு அதிகாரம் இல்லை; 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒப்பனைப் பொருள் என்ற சொல்லே இடம்பெறவில்லை. 1938இல் வந்த புதிய சட்டம் அக்குறையைத் தீர்த்தது. நம் நாட்டில் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள் ஒப்பனைப் பொருள்கள் நுழைய 1962ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2016ஆம் ஆண்டில் மற்றொரு திருப்பம் ஏற்பட்டது. கிருமிநாசினிச் சோப்புகளில் சேர்க்கப்பட்ட டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை அமெரிக்க அரசு விலக்கியது. அவை சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும்விட மேலானவை என்றோ, நாள்தோறும் நெடுங்காலம் பயன்படுத்தினால் தீங்கற்றவை என்றோ உற்பத்தியாளர்கள் மெய்ப்பிக்கவில்லை என்பதே அதன் வாதம். மெய்ப்பிக்கும் கடமை இங்கே பாதிக்கப்பட்டவர் தோளிலிருந்து செய்பவர் தோளுக்கு மாறுகிறது. திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலும், பெருந்தீங்கு நேரக்கூடுமெனத் தெரியும் இடத்தில் ஐயமற்ற சான்று வரும்வரை காத்திராமல் நிறுத்த வேண்டும் என்றே கற்பிக்கிறது. ஒப்பனை பற்றிய நம் போதனை செருக்கு எனும் தலைப்பிலிருந்து 'கொலை செய்யாதே' எனும் கட்டளைக்கு இடம்பெயர வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

இன்று நம் இல்லங்கள் சில பச்சைப்பயறு மாவுக்கும் சீயக்காய்க்கும் அரப்புக்கும் திரும்புவதைக் காண்கிறோம், மகிழ்கிறோம். ஆனால் 'இயற்கை' என்ற சொல்லை நம்பி மட்டும் திரும்ப வேண்டாம். காரீயமும் பாதரசமும் இயற்கையில் கிடைப்பவையே. 'கறுப்பு மருதாணி' என்று விற்கப்படுவனவற்றில் பல, மருதாணியோடு பாரா ஃபினைலின் டைஅமீன் கலந்தவை. லாஷ் லூர் இமைச்சாயத்தில் இருந்ததும் அதே சாயம்தான். நிறம் தரும் களிம்புகளின் கதையோ இன்னும் வேதனையானது. கேரளத்தின் மலப்புரம் பகுதியில் 2021 முதல் 2023 வரை சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்களுள் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசிவந்தது தெரியவந்தது. பாதரசமே காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஒப்பனைப் பொருள்களுக்கான 2020ஆம் ஆண்டு விதிகள் அதைச் சேர்க்கக் கூடாதென விலக்கியுள்ளன. ஆனால் செய்தவர் பெயரே இல்லாத டப்பாவை எந்த விதி தேடிப் பிடிக்கும்? கறுப்பு நிறத்தைக் குறையென மணப்பெண்ணிடம் சொல்லும் நம் வாய்கள் அடங்காதவரை அந்த டப்பாக்களுக்கு வாங்குவோர் இருக்கவே செய்வர். இதில் விற்பவனை மட்டும் பழிப்பதும் நேர்மையன்று.

சென்ற திருவிழாவின்போது நம் ஆலய வாசலில் விரித்திருந்த கடையொன்றில் அத்தகைய களிம்பு இருந்தது. உறையின்மேல் ஒரு பெண்ணின் படம். செய்த ஊரோ சேர்ந்த பொருள்களோ எங்கும் அச்சிடப்படவில்லை. இது யார் செய்தது என்று கடைக்காரரைக் கேட்டோம்.

"தெரியாது சாமி. வாங்கி விக்கிறேன், அவ்வளவுதான். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார்.

சற்று நேரம் யோசித்தவர், அந்தப் பெட்டியை எடுத்துப் பலகைக்கு அடியில் வைத்தார். மாலைத் தேர்ப்பவனிக்குப் பிறகு அது மீண்டும் பலகைமேல் வந்ததா என்று நாம் போய்ப் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும்.