சைதாப்பேட்டைப் பண்ணை முதல் புதுவை நிலையம் வரை

சென்ற திங்கள் கூடிய நம் சங்கப் பொதுக்கூட்டத்தில், சங்கத்துக்குரிய மாணவர் விடுதியை அடுத்த நிலத்தில் சமுதாயக் கல்லூரியொன்று நிறுவி, அதன்கண் புதுமுறை வேளாண்மையும் அதற்கு வேண்டும் கருவித் தொழிலும் கற்பித்தல் வேண்டுமென்று அன்பர் பலர் பேசினர். மறுத்துரைத்தார் ஒருவரும் இலர். ஆயினும், அக்கல்லூரியில் யாரைச் சேர்ப்பது, எத்திங்களிற் கற்பிப்பது, யார் கற்பிப்பது என்னும் வினாக்கள் எழுந்தவுடன் மன்றம் அமைதியாயிற்று. அவற்றைச் செயற்குழுவினர் ஆராய்க என்று விடுத்து யாவரும் கலைந்தனர். யான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியனேயன்றி மண்ணூல் வல்லவன் அல்லேன். எனினும், வேளாண்மையைக் கல்லூரியிற் கற்பிக்கும் முயற்சி இந்நாட்டிற்குப் புதிதன்று. அது தொடங்கி ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அம்முயற்சி எவ்விடத்துப் பயன் தந்தது, எவ்விடத்துப் பயனின்றி ஒழிந்தது என்பதை அறிந்த பின்னர்ச் செயற்குழு கூடுதல் நலமென்று கருதியே இதனை எழுதலுற்றேன்.

சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த சர் வில்லியம் டெனிசன் என்பார் 1860-களில் இங்கிலாந்திலிருந்து நீராவி ஏர், விதைக்குங் கருவி, கதிரடிக்கும் பொறி, தூற்றும் பொறி முதலியவற்றை வருவித்தார். அவற்றை ஓட்டிக் காட்டுதற்குச் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் 350 ஏக்கர் அளவுள்ள பண்ணை அமைந்தது. அவ்விடத்தைத் தெரிந்தமைக்குக் காரணம் அது தலைநகருக்கு அண்மையது என்பதே. மண் நலம் அன்று. அந்நிலம் வளங்குன்றிய மணற்பாங்கானது. நீராவி ஏர் உழ வேண்டுமாயின் வரப்பில்லாத அகன்ற வெளியும், ஓயாது எரிப்பதற்கு விறகோ கரியோ வேண்டும். கால் காணியும் அரைக் காணியுமாக வரப்பிட்டு உழும் நம் குடியானவன் அதனைத் தேர்த்திருவிழாப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் தன் ஊருக்கு மீண்டிருப்பானேயன்றி வேறென் செய்வான்? கண்காணிப்பாளராயமைந்த ராபர்ட்சன் என்னும் ஆங்கிலேயர் உழைப்புக்கு அஞ்சாதவர். அவர் உழைப்பைக் குறை கூறுதல் தகாது. அவருக்கு வாய்த்த நிலமும் கருவியும் அத்தகையன.

அப்பண்ணையைச் சார்ந்து 1876-இல் வேளாண்மைப் பள்ளியொன்று தொடங்கப்பெற்றது. அவ்வாண்டினை நினைவிற் கொள்க. தென்னாடு முழுவதையும் வாட்டிய தாது வருடப் பஞ்சம் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். 1876 முதல் 1878 வரை இலட்சக்கணக்கான மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர்; மாண்டவருட் பெரும்பாலார் பயிர்த்தொழிலை நம்பி வாழ்ந்தவரே. உழவன் பட்டினி கிடந்த காலத்து உழவுக்குப் பள்ளி எழுந்ததை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கின்றது. பஞ்ச ஆராய்ச்சிக் குழுவினர் 1880-இல் அறிக்கை விடுத்தனர். அதன்பின் 1882-இல் சென்னை மாகாணத்தில் வேளாண்மைத் துறை தோன்றிற்று. பள்ளியோ ஆங்கிலத்திற் கற்பித்தது. ஏர்பிடித்தவன் மகன் அதனுட் புக வேண்டுமாயின் முதலில் ஆங்கிலம் கற்று, ஏரை மறந்து, அதன்பின்னரே புக வேண்டும்! ஆதலின் அங்குச் சென்றாரிற் பலர் சர்க்கார் உத்தியோகத்தை நாடிச் சென்றவரேயாயினர். மீண்டு வந்து தம் நிலத்தில் இறங்கினார் சிலரே.

1889-இல் இங்கிலாந்திலிருந்து வோயல்கர் என்னும் இரசாயன வல்லுநரை அரசினர் வரவழைத்தனர். இந்திய உழவனுக்குக் குறை யாது என ஆராய்ந்து கூறுதலே அவருக்கு இட்ட பணி. அவர் ஓராண்டுக்கு மேல் இந்நாடெங்கும் சுற்றினார். 1893-இல் வெளிவந்த அவர்தம் நூலிற் கண்ட முடிவு, வருவித்தோரையே வியப்பில் ஆழ்த்தியிருக்கும். நல்ல நிலையிலுள்ள இந்திய உழவன் இங்கிலாந்தின் சராசரி உழவனுக்குத் தாழ்ந்தவன் அல்லன், சிலவற்றில் மேம்பட்டவனும் ஆவான். அவனுக்கு இல்லாதது அறிவன்று, நீரும் எருவும் போன்ற வசதிகளே என்பது அவர் கருத்து. கற்பிக்க வந்த நாடு, கற்க வேண்டியதும் உண்டு என்று ஒப்புக்கொண்ட இடம் இது.

இவ்வொப்புதலின் பயன் உடனே விளைந்திலது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கர்ஸன் பிரபு காலத்தில் மாகாணந்தோறும் வேளாண்மைக் கலாசாலை வேண்டுமென முடிவாயிற்று. சைதாப்பேட்டையை நீக்கிக் கோயமுத்தூரைத் தெரிந்தனர். 1906-இல் அங்கு வேலை தொடங்கிற்று. 1909-இல் கலாசாலைக் கட்டிடம் திறக்கப்பெற்றது. 1920-இல் அது சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்தது. 1971-இல் தானே ஒரு பல்கலைக்கழகமாயிற்று. கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தால் மனம் திரும்பி உழவு பயிலச் சென்றதும் இக்கலாசாலைக்கே.

கோயமுத்தூரின் பெருமை கட்டிடத்தில் இல்லை; அது செடியைப் பார்த்த பார்வையில் உள்ளது. கரும்பு வடநாட்டில் எளிதிற் பூத்து விதை கொள்வதில்லை; கோயமுத்தூரிலோ நன்கு பூக்கும். இவ்வொரு காரணம் பற்றியே 1912-இல் கரும்பு இனவிருத்தி நிலையம் அங்கு அமைந்தது. பார்பர் என்பாரும் அவர்க்குப்பின் தி. சு. வேங்கடராமன் என்பாரும், தடித்து இனிக்கும் வெள்ளைக் கரும்பை ஆற்றங்கரையில் யாரும் நடாமலே வளரும் நாணலினத்தோடு கலந்தனர். சாறில்லாப் புல்லைக் கரும்போடு கலப்பதென்றால் அன்று கேட்டார் நகைத்திருப்பர். ஆனால் வறட்சியையும் குளிரையும் தாங்கும் வலிமை அப்புல்லிடமே இருந்தது. அக்கலப்பிற் பிறந்த கோ. 205 என்னும் கரும்பு 1918-இற் பஞ்சாபுக்குச் சென்றது. கோயமுத்தூர்க் கரும்புகள் பின்னர் வடநாட்டு வயல்களில் எங்கும் பரவின.

நெல்லிலும் இவ்வாறே. அரசாங்கத் தாவர நூல் வல்லுநராயிருந்த பார்னெல், கோணமணி என்னும் நாட்டு நெல்லினிடையே தானே வேறுபட்டுத் தோன்றிய செடியொன்றைத் தெரிந்து பெருக்கினார். 1921-இல் வெளிவந்த அதற்கு, அவர்தம் பதவிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கொண்டு ஜி.இ.பி. 24 என்று பெயரிட்டனர். குடியானவர் அப்பெயரைச் சொல்வரோ? கிச்சிலிச் சம்பா என்றே வழங்கினர். அந்நெல்லைத் தாயாகக் கொண்டு திரூர்க்குப்பத்திற் பிறந்தது டி.கே.எம். 6; அதனோடு கலந்து பிலிப்பைன்ஸ் நாட்டு நெல்லாராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கி 1969-இல் வெளியிட்டது ஐ.ஆர். 20. என் பாட்டனார் கிச்சிலிச் சம்பா பயிரிட்டவர், எந்தையார் ஐ.ஆர். 20 பயிரிட்டவர். அவ்விருவர்க்குமிடையே நெல்லைப் பற்றி நிகழ்ந்த வழக்கு எம் இல்லத்தில் நெடுநாள் ஓயவில்லை. பேரனைப் பழித்துப் பாட்டனைப் புகழ்ந்த வழக்கு அது என்பதை இருவரும் அறிந்திலர்.

இனி, யான் விரித்துரைக்க விரும்பும் செய்திக்கு வருகின்றேன். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேளாண்மைத் துறையினர் தஞ்சை முதலிய பகுதிகளில் ஒற்றை நாற்று நடவைப் பரப்ப முயன்றனர். கற்றைகற்றையாக நடுதல் ஒழித்துக் குத்துக்கு ஒரு நாற்றே நட்டால் விதை மிகும், தூர் வெடிக்கும், விளைவும் குறையாது என்றனர். (விளைவு என்னும் நற்றமிழ்ச் சொல் இருக்க மகசூல் என்னும் அரபுச் சொல்லையும், உழவு இருக்கச் சாகுபடி என்னும் தெலுங்குச் சொல்லையும் நாம் கைக்கொண்டமை வேறு கதை.) சில ஊர்களில் அது பரவிற்று, பின்னர் மெல்லத் தேய்ந்து மறைந்தது. மடகாஸ்கர் தீவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் லோலானியே என்பார் 1980-களில் இளநாற்றை ஒற்றையாக, அகல நட்டு, நீரைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையொன்றை வகுத்தார். அது உலகெங்கும் பேசப்பெற்று, 2003–04-இல் காவிரி, தாமிரபரணிப் பாசன வயல்களில் உழவர் நிலத்திலேயே ஆய்ந்து பார்க்கப்பெற்றது. அதனைத் திருந்திய நெல் சாகுபடி என்கின்றனர். ஏக்கருக்கு இருபது கிலோவுக்கு மேல் வேண்டிய விதை மூன்று கிலோவாகக் குறைந்தது. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சாண் இடைவெளி. நம் பாட்டன்மார்க்கு ஒருமுறை சொல்லப்பெற்று மறந்துபோனதிற் பாதி, கடல் கடந்து திரும்பிற்று எனலாம்.

எந்தையாரும் அம்முறையைக் கேட்டு வந்து அரை ஏக்கரில் முயன்றார். ஊரில் நடவு நடுபவர் பெண்டிர். முப்பதாண்டாக எம் வயலில் நட்ட கொத்துத் தலைவி நாற்றைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு வரப்பில் அமர்ந்துவிட்டார். “ஐயா, நாத்து நூலு மாதிரி இருக்கு, விரல்லே நிக்க மாட்டேங்குது. உங்களுக்குக் கூப்பிட்டுக் காட்டினாங்க. நடுறது நாங்கதானே, எங்களுக்கு யாரு காட்டினா?” என்றார். எந்தையாரிடம் விடையில்லை. அவ்வாண்டு நடவு கோணிற்று, களையுருட்டும் கருவி வேண்டிய நாளிற் கிட்டாமையாற் களையும் மண்டிற்று, கண்டது நட்டமே. மறுவருடம் அவ்வம்மையாரையும் உடன் அழைத்துச் சென்று, நாற்றை மண்ணோடு தட்டிற் பெயர்த்தெடுத்து ஆழ அமுக்காமல் வைப்பதை ஒருநாள் முழுதும் காணச் செய்தார். அவ்வொரு நாளிற் கற்றதைக் கொண்டு அவர் ஊரிற் பதினொரு பெண்டிர்க்குக் கற்பித்தார். சான்றிதழ் ஒருவர்க்கும் இல்லை.

இக்குறையை அரசினரும் உணராமலில்லை. 1973-இல் மோகன்சிங் மேத்தா என்பார் தலைமையிற் கூடிய குழு, உழுகின்றவர்க்கே, செய்து காட்டிச் செய்யவைத்துக் கற்பிக்கும் நிலையங்கள் வேண்டுமென்றது. அவ்வகையில் இந்தியா முழுமைக்கும் முதலாவது வேளாண் அறிவியல் நிலையம் 1974-இற் புதுச்சேரியில், கோவைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலேயே தொடங்கிற்று. சைதாப்பேட்டைப் பள்ளி தோன்றி ஏறக்குறைய நூறாண்டு கழிந்தபின்! ஆங்கிலம் அறிந்தவன்தான் வரவேண்டுமென்பதில்லை. தேர்வு எழுதியவன்தான் புகவேண்டுமென்பதில்லை. கற்பதும் சில நாளே. கற்றதை மறுநாளே தன் வயலிற் செய்யலாம். இன்று நாட்டில் எழுநூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. எல்லாம் ஒருதரத்தன எனக் கூறேன். அறிக்கையால் மட்டும் அறியப்படுவனவும் அவற்றுட் சில. ஆயினும் வகுத்த முறை சரியானது.

நம் கல்லூரிக்கு வருவோம். பொதுக்கூட்டத்தில் ஒருவர், ஜூன் திங்களிற் சேர்த்து ஏப்ரலிற் பரீட்சை வைத்து ஓராண்டிற் பட்டயம் வழங்கலாம் என்றார். காவிரிக் கரையில் வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேட்டூர் அணை திறப்பதற்கென்று குறித்த நாள் ஜூன் 12. குறுவைக்கு நாற்றங்கால் விடும் அந்நாளில் மெய்யாக உழுபவன் எவனும் வகுப்பில் வந்து அமரான். அமர்பவன் உழாதவனே. சம்பா நடவு நாளிலும், தை அறுவடையிலும் அவ்வாறே. பள்ளிக்கூடத்து நாட்காட்டியை வைத்துக்கொண்டு கல்லூரி நடத்துவோமாயின், சைதாப்பேட்டையிற் போலவே உத்தியோகம் நாடும் இளைஞரே வருவர். அவர்க்கும் கல்வி வேண்டும், மறுக்கவில்லை. அதற்கு வேறு கலாசாலைகள் உள.

மற்றொன்று சொல்லுதற்கு அஞ்சுகின்றேன். சொல்லாமல் விடுதற்கு அதனினும் அஞ்சுகின்றேன். நம்மவர் பிள்ளைகளுக்கே இடம் என்று கூட்டத்தில் எழுந்த குரலுக்குக் கைதட்டல் மிகுந்தது. நம்மவருள் இன்று தாமே சேற்றில் இறங்குவார் எத்துணையர்? நிலம் நம் பெயரில் இருக்கின்றது. ஏரும் டிராக்டரும் நடவும் களையும் அறுவடைப் பொறியும் பெரும்பாலும் பிறர் கையில் இருக்கின்றன. அவர்களை விலக்கி உழவு கற்பிப்பது, எந்தையார் முதலாண்டிற் செய்ததை ஊரளவிற் செய்வதாகும். சங்கத்தின் பணம் சங்கத்தார்க்கே என்பார், அப்பணம் விளைந்த வயலில் நட்ட கைகள் யாருடையவை என்பதையும் கணக்கிற் கொள்வாராக.

விடுதிக்குத் தெற்கேயுள்ள அந்நிலத்தை இப்பொழுது குத்தகைக்கு உழுபவரைச் சென்ற ஞாயிறன்று கண்டேன். கல்லூரி வரப்போவதாக அவர் கேள்வியுற்றிருந்தார். தம்மை வெளியேற்றுவரோ என்பதே அவர் முதலிற் கேட்டது. அதனை யான் அறியேன் என்றேன். கல்லூரி அமைந்தால் நீர் கற்க வருவீரா என்று வினவினேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, “அறுப்பு முடிஞ்சப்புறம்னா வரேங்க, வாத்தியாரய்யா” என்றார்.