புல்லும் பொறுமையும்



ஒருமுறை என் வீட்டு முற்றத்திலே புல் வளர்க்க ஆசைப்பட்டேன். மண்ணைக் கொத்தாமலே விதையைத் தூவினேன். முளைத்தவையோ கோரையும் தொட்டாற்சுருங்கியும்!

என் பிழையை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தார் ஜேர்மனியத் துறவியான அல்பேர்ட்டஸ் மக்னஸ். 1260ஆம் ஆண்டளவில் எழுதிய தாவர நூலில் அவர் புற்றரை அமைக்கும் முறையை விளக்குகிறார். முதலில் களைகளை வேரோடு அகற்ற வேண்டும். மண்ணில் மறைந்துள்ள விதைகள் மாளக் கொதிநீர் ஊற்ற வேண்டும். அதன் பின்னரே, மண்ணோடு வெட்டியெடுத்த மென்புல்லைப் பரப்பி, மரச்சம்மட்டியால் அடித்துப் பதிக்க வேண்டும்.

பிற்காலத்தில் ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகைகளைச் சூழப் புற்றரைகள் விரிந்தன. நீண்ட பிடி அரிவாளால் அவற்றைச் சீராக்கிய கூலியாட்களை யார் நினைத்தார்? 1830இல் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் படிங் என்பவர், கம்பளித் துணியின் பிசிரைக் கத்தரிக்கும் பொறியைக் கண்டு, புல்வெட்டும் யந்திரத்தை ஆக்கிக் காப்புரிமை பெற்றார். அதன்பின் எளியவர் வீட்டு முன்றிலும் புற்றரைக்கு உரியதாயிற்று.

யந்திரம் புல்லை வெட்டும், நிலத்தைப் பண்படுத்தாது. “அறுகுபோல் வேரோடி” என்று வாழ்த்தும் நாம், வேரோட இடம் செய்கிறோமா? இத்தனை ஆண்டுகள் வகுப்பறையிலும் கொத்தாத மண்ணில்தான் விதை தூவினேனோ? அந்தக் கோரையைப் பிடுங்கும்போது எனக்குள் எழுந்த கேள்வி இது.