சிறுகுடல்

உண்ட உணவு இரத்தத்தில் சேரும் இடம் சிறுகுடல். இரைப்பை உணவைக் கூழாக்கி அனுப்புகிறது. பெருங்குடல் மிஞ்சிய நீரை உறிஞ்சிக்கொண்டு கழிவைத் திரட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் சுருண்டு கிடக்கும் இந்தக் குழாயில்தான் சோற்றின் மாவுச்சத்தும் பருப்பின் புரதமும் எண்ணெயின் கொழுப்பும் உடலுக்குள் நுழையும் அளவுக்குச் சிறு மூலக்கூறுகளாக உடைகின்றன. இரைப்பையை முழுவதும் அறுவையில் எடுத்துவிட்டவர்கள், சிறிது சிறிதாகச் சாப்பிட்டு பி12 ஊசியும் போட்டுக்கொண்டால், பல ஆண்டுகள் வாழ முடியும். பெருங்குடல் இல்லாமலும் வாழ்கிறார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்தவர்களின் நிலை வேறு. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. சிரை வழியாகவே ஊட்டம் ஏற்ற வேண்டியிருக்கும்.

அமைப்பு

இதன் விட்டம் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர். இறந்தவர் உடலில் அளந்தால் நீளம் 6 மீட்டருக்கு மேல் வரும். உயிருள்ளவரிடம் தசை இறுகியிருப்பதால் அதைவிடக் குறைவு. இரைப்பையை ஒட்டிய முதல் 25 சென்டிமீட்டர் முன்சிறுகுடல். கணைய நீரும் பித்தநீரும் இங்கே வந்து சேர்கின்றன. அடுத்தது நடுச்சிறுகுடல்; கடைசியாகப் பெருங்குடலில் போய் முடிவது பின்சிறுகுடல். பின்னிரண்டும் குடல்தாங்கி என்னும் மெல்லிய மடிப்புச் சவ்வில் தொங்குகின்றன. குடலுக்கு வரும் தமனிகளும் அங்கிருந்து கிளம்பும் சிரைகளும் நிணநீர்க் குழல்களும் இந்தச் சவ்வுக்குள்தான் ஓடுகின்றன.

வெறும் கண்ணுக்குச் சிறுகுடலின் உட்சுவர் வெல்வெட் துணியாகத் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் அது விரல் வடிவ முளைகளின் காடு. குடலுறிஞ்சிகள் எனப்படும் இவை ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை உயரமுள்ளவை. மேலே ஒரே ஓர் அடுக்குச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. அந்தச் செல்களின் மேற்பரப்பிலும் நுண்ணுறிஞ்சிகள் அடர்ந்திருக்கின்றன. உள்ளே இரத்த நுண்குழல்களின் வலை. அதன் நடுவில் ஒரு நிணநீர்க் குழல். குடலில் மிதக்கும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரத்தத்தை அடைய இந்த ஓரடுக்குச் செல்லையும் அதை ஒட்டிய நுண்குழலின் மெல்லிய சுவரையும் கடந்தால் போதும்.

உறிஞ்சும் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நுண்ணோக்கி அளவீடுகளைக் கொண்டு மறுகணக்குப் போட்டபோது அது 30 சதுர மீட்டர் அளவிலேயே நின்றது. பழைய கணக்கைவிடப் பல மடங்கு குறைவுதான். ஆனாலும் நம் தோலின் மொத்தப் பரப்பைப் போல ஏறத்தாழ பதினைந்து மடங்கு வயிற்றுக்குள் மடிந்து கிடக்கிறது.

குடலுறிஞ்சிகளைப் போர்த்திய செல்களின் ஆயுள் மூன்று முதல் ஐந்து நாள். உறிஞ்சிகளின் அடியில் உள்ள குழிகளில் பிறந்து, மெல்ல மேலேறி, நுனிக்கு வந்ததும் உதிர்ந்துவிடுகின்றன. கிருமியோ மருந்தோ சேதப்படுத்திய குடற்சுவர் சில நாட்களில் மீண்டும் மூடிக்கொள்வது இதனால்தான். புற்றுநோய்க்கான மருந்துகள் பெருகும் செல்களைத் தாக்குவதால் குடலும் சேர்ந்து பாதிக்கப்படுவதற்கும் காரணம் இதுவே.

செரித்தல்

இரைப்பையிலிருந்து கூழ் ஒரேயடியாக இறங்குவதில்லை. இரைப்பையின் கடைவாயிலில் உள்ள தசை சிறிது சிறிதாகவே திறந்துவிடுகிறது. வருவது கடும் அமிலம். கணையம் சுரக்கும் பைகார்பனேட் அதை உடனே நடுநிலையாக்க வேண்டும். அமிலம் வந்துவிட்டது என்று கணையத்துக்கு யார் சொல்கிறார்கள்? நரம்புகள்தான் என்று இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூடம் நம்பியது. 1902இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் குடல் துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு அதில் அமிலம் விட்டார்கள். கணையம் சுரந்தது. செய்தி இரத்தத்தின் வழியே போயிருக்கிறது. அந்தச் செய்திப்பொருள் செக்ரிட்டின். ஹார்மோன் என்ற பெயரை 1905இல் ஸ்டார்லிங் அறிமுகப்படுத்தியதும் இந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாகத்தான். உடலின் வேதித் தூதர்களைப் பற்றிய அறிவியல் முழுவதும் குடலிலிருந்து கிளம்பியது என்பதை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

கணைய நீரில் மாவுச்சத்தை உடைக்க அமைலேஸ், கொழுப்பை உடைக்க லைபேஸ், புரதத்தை உடைக்க ட்ரிப்சின் எல்லாம் இருக்கின்றன. ட்ரிப்சின் மட்டும் செயலற்ற வடிவில் வந்து, குடலுக்குள் நுழைந்த பிறகே விழித்துக்கொள்கிறது. கணையத்துக்குள்ளேயே விழித்தால் அது கணையத்தையே தின்னத் தொடங்கும். கடும் கணைய அழற்சியில் நடப்பது அதுதான். பித்தநீரில் நொதி எதுவுமில்லை. அதிலுள்ள உப்புகள் எண்ணெயைச் சோப்பு போலச் சிறு துளிகளாகப் பிரித்து லைபேஸுக்கு வழிவிடுகின்றன. வேலை முடிந்த பித்த உப்புகளில் சுமார் 95 விழுக்காட்டைப் பின்சிறுகுடல் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடுகிறது.

கடைசி வெட்டு உறிஞ்சிச் செல்களின் மேற்பரப்பிலேயே நடக்கிறது. பாலில் உள்ள லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் அங்கேதான் இருக்கிறது. குழந்தைப் பருவம் தாண்டியதும் பலருக்கு இது குறைந்துவிடுவதால், பால் குடித்தால் வயிறு உப்பும். அவர்களுக்கே தயிர் ஒத்துக்கொள்ளும், புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுவதால்.

இரத்தத்துக்கு இரண்டு வழிகள்

குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் நுண்குழல்களுக்குள் புகுந்து, கல்லீரல் வாயிற்சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன. மற்ற உறுப்புகளிலிருந்து வரும் சிரைகள் இதயத்தை நோக்கி ஓட, குடலின் சிரை இன்னோர் உறுப்பின் வழியே சுற்றிப்போவது உடலின் பாதுகாப்பு ஏற்பாடு. உணவோடு வந்த சர்க்கரையைச் சேமிப்பதா விடுவதா என்று கல்லீரல் தீர்மானிக்கிறது. நச்சு ஏதாவது இருந்தால் அங்கேயே முறிக்கிறது. கல்லீரலுக்குக் கிடைக்கும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தச் சிரை கொண்டுவருவதே. கல்லீரல் சுருங்கி இறுகும் நோயில் இந்தச் சிரையில் அழுத்தம் ஏறித்தான் வயிற்றில் நீர் கோக்கிறது, உணவுக்குழாயில் சிரைகள் புடைத்து வெடிக்கின்றன.

கொழுப்பு வேறு வழியில் போகிறது. உறிஞ்சிச் செல்லுக்குள் மீண்டும் கோத்துக்கட்டப்பட்டு, சிறு கொழுப்புத் திவலைகளாக நிணநீர்க் குழலுக்குள் இறங்குகிறது. 1622இல் மிலன் நகரில் காஸ்பரே அசெல்லி, சாப்பிட்டுச் சிறிது நேரமே ஆகியிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடல்தாங்கி முழுவதும் வெண்ணிற நூல்களைக் கண்டார். நரம்பு என்று நினைத்து ஒன்றைக் கீறினார். பால் போன்ற திரவம் வழிந்தது. பட்டினி கிடந்த நாயில் அந்த நூல்கள் தெரியவில்லை. அவை கல்லீரலுக்குப் போவதாக அவர் கருதியது தவறு. மார்புக்குள் ஏறிச் சென்று, கழுத்தின் அடிப்பகுதியில் பெருஞ்சிரையில் அவை சேர்வதை 1651இல் ஜான் பெக்கே காட்டினார். இடையில் 1628இல்தான் இரத்தம் சுற்றிவருகிறது என்று வில்லியம் ஹார்வி நிறுவியிருந்தார். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்து இதே வழியில் போவதால், கீரையையும் காரட்டையும் சிறிது எண்ணெய் விட்டுச் சமைப்பதில் பொருள் இருக்கிறது.

இரும்புச்சத்து முன்சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகிறது. உடல் ஒரு நாளில் எடுத்துக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. கீரையில் இரும்பு இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்வது பாதி உண்மை. தாவர உணவின் இரும்பு குடலைக் கடக்க வைட்டமின் சி துணை வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் டீ அதைத் தடுக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ப்பதும், டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதும் செலவில்லாத மருத்துவம்.

உப்பும் சர்க்கரையும்

ஒரு நாளில் நாம் குடிப்பதும் உண்பதுமாக உள்ளே போகும் நீர் சுமார் 2 லிட்டர். எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடலே சுரந்து கொட்டுவது இன்னும் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் மலத்தோடு போவது 200 மில்லிலிட்டருக்கும் குறைவு. மிச்சத்தில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது சிறுகுடல். அது ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்பதைக் காலரா காட்டுகிறது.

நீரை நேரடியாக இழுக்கும் இயந்திரம் குடலில் இல்லை. சோடியம் உள்ளே போனால் நீர் பின்தொடரும். அந்தச் சோடியத்தைக் குளுக்கோஸோடு சேர்த்தே உள்ளே விடும் ஒரு புரதம் உறிஞ்சிச் செல்களில் இருக்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம். உப்பு மட்டும் வந்தாலோ சர்க்கரை மட்டும் வந்தாலோ இந்த வாசல் திறக்காது. இதை 1960இல் பிராக் நகரக் கூட்டமொன்றில் ராபர்ட் கிரேன் முன்வைத்தார்.

முந்தைய ஆண்டு கொல்கத்தாவில் சம்பு நாத் தே, காலராக் கிருமி வெளிவிடும் நச்சே குடலிலிருந்து நீரைக் கொட்டவைக்கிறது என்று முயல் குடலில் சோதித்து நிறுவியிருந்தார். அந்த நச்சு செல்களிலிருந்து குளோரைடை வெளியே தள்ளுகிறது. நீர் கூடவே பாய்கிறது. ஆனால் குளுக்கோஸ்-சோடியம் வாசலை அது தொடுவதில்லை. இரண்டு கண்டுபிடிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் மருந்து தெரிந்துவிடும். 1968இல் டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும் வாய்வழிக் கரைசலைக் காலரா நோயாளிகளிடம் சோதித்து வெற்றி கண்டார்கள்.

1971இல் வங்கதேசப் போரில் இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்தின் பன்காவுக்கு வந்து சேர்ந்தனர். காலரா பரவியது. மருத்துவமனையில் இரண்டே அறைகள், தரையெங்கும் நோயாளிகள், ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. குழந்தை மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று பொட்டலம் கட்டவைத்தார். டிரம்களில் கரைத்துக் குழாய் பொருத்தி, நோயாளியின் உறவினர்களே குவளையில் பிடித்து ஊட்டும்படி ஏற்பாடு செய்தார். முன்பு நூற்றில் முப்பது பேர் அளவுக்குப் பறிபோன உயிர்கள், அவர் பார்த்த சுமார் 3,700 நோயாளிகளிடையே நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கின. பயிற்சி பெற்ற கைகள் இல்லாமல் ஊட்டினால் விபரீதமாகும் என்று அஞ்சிய மருத்துவ உலகுக்கு அது பதில். 2022இல் அவர் மறைந்தார்; அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. வாழ்ந்த காலத்தில் அவருக்குச் செய்திருக்க வேண்டிய மரியாதை அது.

உறிஞ்சிகள் தேயும்போது

கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் உறிஞ்சிகள் தட்டையாகிவிடுகின்றன. குழந்தைகளுக்குப் பேதி தரும் ரோட்டா வைரஸ் அவற்றின் நுனிச் செல்களையே குறிவைக்கிறது. 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பின் குழு குழந்தைகளின் முன்சிறுகுடல் திசுவில்தான் அதைக் கண்டது. இந்தியாவில் அதற்கான தடுப்பு மருந்து 2016 முதல் அரசுத் திட்டத்தில் தரப்படுகிறது. தென்னிந்தியாவில் பரவிய வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோயை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். நோயில்லாத தென்னிந்தியர்களின் உறிஞ்சிகளும் மேலைநாட்டவருடையதைவிடக் குட்டையாக, இலை வடிவில் இருப்பதை வேலூர் ஆய்வுகள் பதிவு செய்தன. அசுத்தமான நீரும் சூழலும் ஓயாமல் குடலை உரசிக்கொண்டிருப்பதன் தடம் இது என்று கருதப்படுகிறது. ஊட்டம் கொடுத்தும் குழந்தை வளரவில்லை என்றால், தட்டை மட்டும் பார்க்காமல் குடிநீர்க் குழாயையும் கழிப்பறையையும் பார்க்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்ததும் பலர் 'குளுக்கோஸ் ஏற்ற' மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். குழந்தை மயங்கிக் கிடந்தாலோ எதைக் குடித்தாலும் வாந்தி எடுத்தாலோ அது அவசியம். மற்றபடி 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் முழுதாகக் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தால் போதும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. அதன் மாவுச்சத்து குடலில் மெல்ல உடைந்து குளுக்கோஸைத் தருகிறது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை, மருத்துவர் சொல்லும் அளவில், பேதி நின்ற பிறகும் விடாமல், மொத்தம் 10 முதல் 14 நாள் வரை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.