கோவையில் கட்டடக்கலைஞர் அலுவலகம்: பட்டமும் தொழிலும்

கொங்கு நாட்டில் வீடு கட்ட நினைத்தவர் நெடுங்காலம் முதலில் தேடிப் போனது கொத்தனாரையும் ஆசாரியையும்தான். மனையடி சாஸ்திரப்படி அளவு குறித்து, கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டால் அதுவே வரைபடம். தாளில் வரைவதற்கென்று தனியே ஊதியம் வாங்கும் ஒருவர் அந்த ஏற்பாட்டில் இல்லை. ஆர்க்கிடெக்ட் எனப்படும் கட்டடக்கலைஞர் கோவையில் சிறு அலுவலகம் வைத்து நிலைப்பது இன்றும் எளிதாக இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1888 இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையும், 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பெருகிய ஆலைகளும் ஊரின் முகத்தை மாற்றின. ஆனால் ஆலைக் கட்டடம் இயந்திரத்துக்காகக் கட்டப்படுவது. அங்கே பொறியாளரின் சொல்லே எடுபட்டது. அரசுக் கட்டடங்களைப் பொதுப்பணித் துறை பார்த்துக்கொண்டது. பின்னர் எழுந்த பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் (1951), சி.ஐ.டி.யும் (1956) பொறியாளர்களையே உருவாக்கின. கட்டடக்கலை படிக்க விரும்பியவர் சென்னைக்கோ பம்பாய்க்கோ போக வேண்டியிருந்தது. சென்னையிலும் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளி தொடங்கியது 1957 இல்தான்.

தனியார் அலுவலகம் என்ற அமைப்பு தமிழகத்தில் சென்னையில்தான் வேரூன்றியது. எல். எம். சித்தாலே 1932 இல் அங்கே தொடங்கிய நிறுவனம் அதன் முன்னோடிகளில் ஒன்று. அண்ணாசாலையின் எல்.ஐ.சி. கட்டடத்தை முதலில் வடிவமைத்தவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரவுனும் மூலினும். பிரவுன் தாயகம் திரும்பியபின் பொறுப்பேற்றுப் பணியை முடித்தவர் சித்தாலே. கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது.

இத்தொழிலுக்குச் சட்ட உருவம் தந்தது 1972 ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டம். கட்டடக்கலை மன்றம் இதன்கீழ் அமைந்தது. பட்டம் பெறாதவராயினும் குறிப்பிட்ட நாளுக்கு முன் குறைந்தது ஐந்தாண்டுகள் இத்தொழிலை நடத்தியவர் பதிவு செய்துகொள்ள அது வழிவிட்டது. கல்லூரி இல்லாத ஊர்களுக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் சட்டம் காத்தது பெயரைத்தான், வேலையை அல்ல. பதிவு பெறாதவர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வரைபடம் போட அவருக்குத் தடை இல்லை. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நொய்டா தொடர்பான ஒரு வழக்கில் இதையே உறுதிசெய்தது.

பெயருக்குக் கிடைத்த காப்புக்கு ஒரு விலையும் உண்டு. 1989 ஆம் ஆண்டின் தொழில் ஒழுங்கு விதிகளின்படி கட்டடக்கலைஞர் தம் சேவையை விளம்பரம் செய்யக் கூடாது. அலுவலக வாசலிலும் தாம் வடிவமைத்த கட்டடத்திலும் பெயர் எழுதலாம். எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பக்கத்துக் கடையில் இருக்கும் பில்டருக்கு இந்த விதி பொருந்தாது.

மேஸ்திரியோ பில்டரோ பிளானுக்குத் தனியாகக் காசு கேட்பதில்லை. அது சதுர அடி விலைக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் கட்டடக்கலைஞரின் கட்டணம் மட்டும் கூடுதல் செலவாகக் கண்ணில் உறுத்துகிறது. வரைந்தவரும் கட்டுபவரும் ஒருவரே ஆனால், கம்பியும் கலவையும் வரைபடப்படி போகின்றனவா என்று உரிமையாளர் சார்பில் பார்க்க ஆள் இல்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கோவையைச் சுற்றிப் பல இடங்களில் கரிசல் மண் இருப்பதால் இது சிறிய விஷயமல்ல. அம்மண் மழையில் ஊதி, வெயிலில் சுருங்கிப் பிளக்கும். மண்ணைச் சோதிக்காமல் வழக்கமான ஆழத்தில் அஸ்திவாரம் போட்டால் சில ஆண்டுகளில் சுவர் விரிசல் விடும். சில இடங்களில் அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற அண்டர்ரீம்டு பைல் தேவைப்படும். அதைக் கணக்கிட்டுச் சொல்லும் கட்டமைப்புப் பொறியாளருக்கு, பெரும்பாலும் தம் கட்டணத்திலிருந்தே கட்டடக்கலைஞர் பங்கு தர வேண்டியிருக்கிறது.

வரவும் செலவும் ஒரே தாளத்தில் வருவதில்லை. கட்டணம் கட்டங்களாக வரும்: கருத்துரு, அனுமதி வரைபடம், வேலை வரைபடம், மேற்பார்வை என்று. ஒரு வீடு முடிய ஓராண்டு பிடிக்கலாம். இடையில் உரிமையாளர் பணமின்றி நிறுத்திவிட்டால் அடுத்த கட்டம் தள்ளிப்போகும். வரைவாளரின் சம்பளமோ மாதாமாதம் வந்து நிற்கும். வரைபலகையும் அம்மோனியா பிரிண்டும் போய் ஆட்டோகேட் வந்தபின் ஆள் குறைந்தது. கூடவே எவரும் பிளான் போடலாம் என்ற நிலையும் வந்தது.

2019 இல் தமிழகம் முழுவதற்கும் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. 2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் தரைத்தளமோ முதல் தளம் வரையிலோ உள்ள வீடுகளுக்கு, உரிமையாளரே சுயசான்று தந்து இணையவழியில் உடனடி அனுமதி பெறும் முறை அறிமுகமானது. வீடு கட்டுபவருக்கு இது பெரிய நிம்மதி. அனுமதி வாங்கித் தருவதையே முதல் வருமானமாகக் கொண்ட சிறு அலுவலகங்களுக்கோ, இனி விற்க மிஞ்சுவது மண் சோதனையும் அறை அமைப்பும் தளத்துக்கு நேரில் போய்ப் பார்க்கும் மேற்பார்வையுமே.