மேஜர் பரமேஸ்வரன்: யாழ்ப்பாணத்தில் வீழ்ந்த பரம்வீர் சக்ரா வீரர்

மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13ஆம் நாள் மும்பையில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். 1972இல் இந்திய இராணுவ அதிகாரியானார். 1987இல் இந்திய அமைதிப் படையின் 8ஆவது மஹார் படைப்பிரிவுடன் இலங்கை சென்றார்.

அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள், யாழ்ப்பாணத்தில் தேடுதல் முடித்துத் திரும்பிய அவரது அணியை விடுதலைப் புலிகள் மறைந்திருந்து தாக்கினர். அவர் பின்புறமாகச் சென்று அவர்களைச் சுற்றி வளைத்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டு வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை வீரர்களுக்குக் கட்டளையிட்டார். அங்கே சுட்டவரும் தமிழர், வீழ்ந்தவரும் தமிழர்.

போர்க்கள வீரத்துக்கான இந்தியாவின் உச்ச விருதான பரம்வீர் சக்ரா, மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. நம் நாட்டில் ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா போன்றது அது. அமைதிப் படையில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. 2023இல் அந்தமான் தீவு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.